கரிஃபுனா ஊர்களில் மரவள்ளிக்கிழங்கை ஏன் பிழிகிறார்கள்?

மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில், ஆப்பிரிக்க, கரீபியப் பழங்குடி வழிவந்த கரிஃபுனா மக்கள் வாழும் ஹாப்கின்ஸ் போன்ற கடலோர ஊருக்கு நண்பரோடு போனால், பாம்புபோல் தொங்கும் நீண்ட பின்னல் கூடை கண்ணில் படலாம். அதன் பெயர் ருகுமா. ‘எரேபா’ என்கிற மரவள்ளி ரொட்டிக்குத் துருவிய கிழங்கைப் பிழியும் கருவி.

எரேபாவுக்கு எடுக்கும் கசப்பு மரவள்ளியைத் துருவினால் அதிலிருந்து சயனைடு நஞ்சு வெளிப்படும். பெரும்பங்கு சாற்றோடு வடியும். மிச்சம் சூட்டில் ஆவியாகும். கூடையில் துருவலைத் திணித்து, அடியில் பாரம் ஏற்றி இழுப்பார்கள். கூடை நீண்டு ஒடுங்கும். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது மாதிரிதான். பிறகு சலித்து, இரும்புக் கல்லில் மெல்லிசாகப் பரப்பிச் சுடுவார்கள். ஈரம் தங்கினால் மாவு கட்டிதட்டும், சலிக்க வராது. நன்றாகக் காய்ந்த எரேபா அப்பளம்போல் நொறுங்கும், மாதக்கணக்கில் கெடாது.

வெறுமனே அவித்தாலே போதும் என்று நினைக்காதீர்கள். நாம் அவித்துத் தின்பது இனிப்பு மரவள்ளி, இது வேறு.