அப்புச்சி என்று கூப்பிட்டதால் கெட்டுப்போன கதை: சினிமா லாஜிக் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நம் கொங்குப் பக்கத்தில் நடப்பதாகச் சொல்லப்படும் படங்களைப் பற்றியவை. ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் உடை, நகை, இடம் மாறாமல் இருக்கக் குறித்துவைக்கும் கன்டினியூட்டி நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் உதவி இயக்குநராக அலைந்தவன் நான். ஊரும் கோபி. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

ஹீரோ ஒத்தை ஆளாக இருபது பேரை அடிக்கிறார். இதை லாஜிக் ஓட்டை என்கிறேன். தம்பி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். யார் சொல்வது சரி?
*திருப்பூர் வாசகி*

தம்பி பக்கம்தான் நியாயம். அது மிகை. கூத்தில் வீமன் மரத்தைப் பிடுங்கி அடிப்பதை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்கள் நாம். அந்த மிகையை ஏற்றுக்கொண்டுதான் டிக்கெட் வாங்குகிறோம்.

கதை தான் சொன்னதைத் தானே மறந்தால் அதுதான் ஓட்டை. இடைவேளைக்கு முன்னால் ஹீரோவுக்குத் தோள்பட்டை முறிகிறது, மூன்று மாதம் கையைத் தூக்கக் கூடாது என்கிறார் டாக்டர். அடுத்த வாரம் மாரியம்மன் நோம்பியில் அதே கையால் ஆளைத் தூக்கி வீசினால், அப்போது நீங்கள் சண்டைக்குப் போகலாம்.

இன்னொரு வகையும் உண்டு: தகவல் பிழை. கதை உடையாது. ஆனால் அந்த விஷயம் தெரிந்தவர் மனதளவில் தியேட்டரை விட்டு எழுந்து போய்விடுவார். கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் இந்த வகை. அடுத்த கேள்வி மட்டும் தகவல் பிழையில் தொடங்கி ஓட்டையில் போய் முடிகிறது.

ஏனுங்க, எங்க ஊர்ப் பேச்சுன்னு சொல்லிப்போட்டு எல்லா வார்த்தைக்கும் பின்னால "ங்க" மட்டும் ஒட்டறாங்களே, இதைக் கேக்க ஆளே இல்லீங்களா?
*பெருந்துறை வாசகர்*

இருக்கிறோம், கேட்டும் பார்த்திருக்கிறோம். டப்பிங் தியேட்டரில் நேரம் நெருக்கும்போது யார் காதிலும் அது ஏறாது.

"ங்க" என்பது ஒட்டுப் போடும் துண்டல்ல. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதைக் காட்டும் அளவுகோல். பெரியவரிடம், புதிதாக வந்த ஒறம்பரையிடம் (விருந்தாளியிடம்) "வாங்க", "சரீங்". கூடப் படித்தவனிடம் "வாடா". அதே ஆள் சின்னப் பிள்ளையை "வா கண்ணு" என்பார், பெண் குழந்தையை "அம்மணி" என்பார். படத்தில் வில்லன் தன் அடியாளைப் பார்த்து "அவனைத் தூக்குங்க" என்று மரியாதையோடு சொன்னால், ரெண்டு பேரில் யார் முதலாளி என்றே நமக்குக் குழம்பிப்போகிறது. "என்ற ஊரு", "உன்ற வேலை", "சாப்ட்டுப்போட்டு வாரேன்", "பொழுதோட", "அக்கட்டால போ" என்பதையெல்லாம் விட்டுவிட்டு "ங்க"வை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து உறவுமுறைச் சொல்லில் இருக்கிறது. ஒரு கதை விவாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பாட்டன் சொத்தைப் பங்காளிகள் பிடுங்குகிறார்கள், பேரன் மீட்கிறான் என்பது கதை. கொங்கு மணம் வர வேண்டும் என்று வசனத்தில் பேரன் அந்தப் பாட்டனை "அப்புச்சி" என்று கூப்பிடுகிறான். அழகான சொல்தான். ஆனால் நமக்கு அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர், அப்பாவைப் பெற்றவர் அப்பாரு. அவர் வீட்டுக்காரி ஆத்தா, அம்மாவைப் பெற்றவள் அம்முச்சி. அப்புச்சி என்று சொன்ன மாத்திரத்தில் அந்தச் சொத்து தாய் வழிக்கு மாறிவிட்டது. அப்புறம் அப்பா வழிப் பங்காளிகள் எந்த உரிமையில் அந்தக் காட்டுக்குள் வேலி போடுகிறார்கள்? அதோடு போகவில்லை. கிளைமாக்ஸில் பேரன் கட்டிக்கொள்ளும் பெண் அந்தப் பாட்டனின் மகன் வயிற்றுப் பேத்தி. அப்புச்சி என்றால் அவள் மாமன் மகள், முறைப்பெண். அப்பாரு என்றால் அவள் தங்கச்சி முறை. எந்தச் சொல்லைத் திருத்தினாலும் கதையின் ஒரு கால் ஒடிகிறது. கடைசியில் சொல்லை அப்படியே விட்டுவிட்டு, பங்காளிகளைத் தூக்கிவிட்டுத் தாய்மாமனை வில்லனாக்கினார்கள். மாமன் மகளுக்காக மாமனையே எதிர்க்கிறான் என்று ஆனதும் கதைக்கு வலு கூடியது. ஒரு சொல்லை ஊர்க்காரரிடம் கேட்டதால் கிடைத்த லாபம் அது.

தென்னந்தோப்பில் நடக்க ஆரம்பிக்கும் கதாநாயகி அடுத்த ஷாட்டில் நெல் வயல் வரப்பில் வருகிறாள். அது ஆனைமலை, இது கோபி. உண்மையா?
*ஆனைமலை வாசகர்*

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. பொள்ளாச்சிக்கும் கோபிக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல். படத்தொகுப்பில் அது ஒரு நொடி. அதை நான் குறை சொல்ல மாட்டேன், கற்பனை ஊருக்கு எல்லை வகுப்பது இயக்குநரின் உரிமை. ஆனால் அந்தப் பச்சைக்குக் காரணம் தண்ணீர் என்பது கதைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோபிப் பக்கம் நெல் விளைவது கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களால். அந்த வரப்பில் நின்றுகொண்டு "மழை பேஞ்சு மூணு வருசமாச்சு, குடிக்கத் தண்ணியில்லை" என்று ஊரே அழுதால், பின்னால் வாய்க்கால் ததும்பி ஓடிக்கொண்டிருக்கும். வறட்சியைக் காட்ட காங்கயம், மூலனூர்ப் பக்கத்து மேட்டாங்காடுகள் இருக்கின்றன. கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியும் வெள்ளாடுமாக அந்த நிலம் வசனமே இல்லாமல் பேசும்.

நானே தவறவிட்ட ஒன்றும் உண்டு. கொடிவேரியில் ஒரு காட்சி. கதாநாயகி அணையில் குளித்துவிட்டு ஏறி வர வேண்டும். முதல் நாள் எடுத்தபோது தண்ணீர் கல்லின் மேல் மெல்லிசாக வழிந்தது. மூன்று வாரம் கழித்துப் பேட்ச் ஒர்க், அதாவது விட்டுப்போன ஷாட்டுகளை எடுக்கும் வேலை. நோட்டில் எல்லாம் எழுதியிருந்தேன்: இடது காதில் தோடு இல்லை, முந்தானை வலப்பக்கம் சொருகியிருக்கிறது, நெற்றியில் மஞ்சள் பாதி கரைந்திருக்கிறது. அதற்குள் பவானிசாகரில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். அணை முழுக்க வெள்ளைத் திரையாக விழுந்தது. தோடும் முந்தானையும் பொருந்தின, ஆறு பொருந்தவில்லை. படத்தில் இன்றைக்கும் அவள் சின்ன ஆற்றில் இறங்கிப் பெரிய ஆற்றிலிருந்து ஏறி வருகிறாள். அதற்கப்புறம் என் நோட்டில் முதல் வரி எப்போதும் தண்ணீர்தான்: எவ்வளவு ஓடுகிறது, எந்தக் கல் வரை நனைந்திருக்கிறது.

பாம்பு கடித்ததும் வாயால் விஷத்தை உறிஞ்சித் துப்புகிறார்களே, அப்படிச் செய்யலாமா?
*பவானி வாசகி*

கூடாது. இந்த ஒரு காட்சியை இனி யாரும் எடுக்கக் கூடாது என்று கும்பிட்டுக் கேட்கிறேன். கஷ்டம் தியேட்டரோடு முடிவதில்லை, தோட்டத்துச் சாளை வீடுகளில் குடியிருக்கும் குடும்பங்கள் இதைப் பார்த்து அப்படியே செய்கின்றன.

விஷம் உடம்புக்குள் இறங்கிய பிறகு உறிஞ்சி எடுக்க முடியாது. பிளேடால் கீறினால் ரத்தப்போக்கும் சீழும்தான் மிச்சம். இறுக்கிக் கட்டினால் கையோ காலோ அழுகும் நிலைக்குப் போகலாம். செய்ய வேண்டியது, படத்தில் காட்ட வேண்டியது இதுதான்: கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்க வைக்க வேண்டும். கடிபட்ட கை காலை எலும்பு முறிந்ததற்குக் கட்டுவதுபோல அசையாமல் வைக்க வேண்டும். வீங்குவதற்கு முன்னால் மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்ற வேண்டும். 108-க்குச் சொல்லியோ கிடைத்த வண்டியிலோ விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாம்பைத் தேடிக்கொண்டு போக வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். அந்த மருந்து சிலருக்கு உடனே கடும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் வீட்டுத் திண்ணையில் ஊசி போடும் காட்சியும் தவறு.

எழுத்தாளர்களுக்கு இன்னொன்று. கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். பல நேரம் வலியே தெரியாது. விடியற்காலை வயிற்று வலி என்பார், இமை தானாகக் கீழே இறங்கும், பேச்சு குழறும். அலறிக்கொண்டு எழுவதைவிட எவ்வளவு பயங்கரமான காட்சி அது! எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

பிளாஷ்பேக்கில் பையன் வெள்ளைக் கன்றுக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சுகிறான், வளர்ந்தால் காங்கயம் காளை. எங்கள் அப்பாரு டி.வி.யை அணைக்கச் சொல்லிவிட்டார்.
*வெள்ளகோவில் வாசகர்*

அப்பாருவுக்கு என் வணக்கம். காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறம். ஆறு மாதம் ஆகும்போதுதான் சாம்பல் நிறத்துக்குத் திரும்பும். பூச்சிக்காளைக்கு, அதாவது பொலிகாளைக்கு, திமிலும் கழுத்தும் முன்னங்கால் சப்பையும் பின்பக்கமும் கறுத்துக்கொண்டே போகும், காயடித்தால் அந்தக் கறுப்பு வெளுக்கும். செவலைக் கன்று மயிலையாக மாறுவதைப் பையன் தினமும் பார்ப்பதாக ஒரு காட்சி வைத்திருந்தால், காலம் ஓடியதைச் சொல்ல "பத்து ஆண்டுகளுக்குப் பிறகு" என்று எழுத்தே போட்டிருக்க வேண்டாம். கண்ணபுரம் தேரோடு கூடும் மாட்டுச் சந்தையில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

பத்துக் கோடி ரூபாயை ஒரே சூட்கேஸில் வைத்து ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிறாரே?
*ஈரோடு வாசகர்*

500 ரூபாய் நோட்டில் பத்துக் கோடி என்றால் 2 லட்சம் நோட்டு. ஒரு நோட்டு ஏறக்குறைய ஒரு கிராம் என்று வைத்தால் 200 கிலோ, நாலு சிமெண்ட் மூட்டை. 2016-க்கும் 2023-க்கும் நடுவில் நடக்கும் கதையென்றால் 2000 ரூபாய் நோட்டு இருந்தது, 50 கிலோவில் முடிந்தது. அப்போதும் ஓட முடியாது, தோளில் போட்டு நடக்கலாம். ஒரு கோடி என்று வசனத்தைக் குறைத்தால் சுமார் இருபது கிலோ, ஹீரோவுக்கும் நிம்மதி.

கொலை செய்தவர் "14 வருசம் முடிஞ்சது" என்று கோவை மத்திய சிறையிலிருந்து வெளியே வருகிறார். ஆயுள் தண்டனை என்பது 14 வருடம்தானா?
*கோவை வாசகர்*

இல்லை. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்க. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை, குறைந்தது 14 வருடம் உள்ளே இருந்த பிறகுதான் அரசு சாதாரணத் தண்டனைக் குறைப்பில் விடுவிக்க முடியும், ஆளுநரின் மன்னிப்பு அதிகாரம் வேறு. விடுவித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பகல் ஒரு நாள், ராத்திரி ஒரு நாள் என்று எண்ணி ஏழு வருடத்தில் விடுவார்கள் என்பதும் வெறும் கட்டுக்கதை. வில்லன் காலண்டரில் தேதி குறித்துக் காத்திருப்பதற்குப் பதில், அரசாணையில் பெயர் வருமா வராதா என்று இரண்டு வீட்டிலும் பதைப்பதாக எழுதிப் பாருங்கள்.

அதே மாதிரி, செஷன்ஸ் கோர்ட் தூக்கு என்று சொன்னதும் தூக்குமேடைக்குக் கொண்டுபோக முடியாது, உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். கோவைச் சிறையைக் காட்டும் இயக்குநர்கள் வ.உ.சி. அங்கே இழுத்த செக்கையும் ஒரு ஷாட்டில் காட்டினால் மனம் நிறையும்.

ஆஸ்பத்திரியில் மானிட்டரில் நேர்கோடு வந்ததும் நெஞ்சில் ஷாக் வைத்துப் பிழைக்க வைக்கிறார்களே?
*நாமக்கல் வாசகி*

நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதில்லை. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் அது. நேர்கோடு என்றால் நெஞ்சை அழுத்துவதும் அட்ரினலின் ஊசியும்தான்.

ஊட்டி ரயில் மலையேறும்போது இன்ஜின் முன்னால் இருப்பதாகக் காட்டலாமா?
*மேட்டுப்பாளையம் வாசகர்*

கல்லாரிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளும். உங்கள் ஊர்க் குழந்தைகளுக்கே தெரியும். முன்னால் புகை கக்கிக்கொண்டு இழுத்துப்போகும் ஷாட் வேண்டுமென்றால், வண்டி இறங்கி வருவதாகக் கதையை மாற்றுங்கள். அப்போது இன்ஜின்தான் முன்னால்.

என்ற அப்பா இளவட்டமா இருந்தப்ப நடந்ததைக் குறும்படமா எடுக்கறேனுங்க. 1985, எங்க ஊர்தான். எதையெல்லாம் பாத்துக்கோணும்?
*தாராபுரம் வாசகர், கல்லூரி மாணவர்*

நல்ல வேலை தம்பி, வாழ்த்துகள். முதலில் பெயர்ப் பலகை. திருப்பூர் மாவட்டம் பிறந்தது 2009-ல். 1985-ல் தாராபுரம் இருந்தது பெரியார் மாவட்டத்தில், அதுதான் பின்னால் ஈரோடு மாவட்டம் ஆனது. வண்டி எண்: டி.என். 33, டி.என். 38 என்று எழுதும் முறை 1989-க்குப் பிறகு வந்தது. அப்பாவின் பழைய ஆர்.சி. புத்தகம் வீட்டில் இருந்தால் அதிலிருந்து எண்ணை எடுங்கள். எல்லா நோட்டிலும் காந்தி படம் வரும் வரிசை 1996-ல் தொடங்கியது. 500 ரூபாய் நோட்டே 1987-ல்தான் வந்தது, அதனால் மாடு விற்ற பணத்தை நூறு ரூபாய்க் கட்டாகக் காட்டுங்கள். கோயமுத்தூர்ப் பக்கம் போகும் பஸ் என்றால் "சேரன் போக்குவரத்துக் கழகம்" என்று எழுதலாம்.

உங்கள் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: காத்தாடி. தமிழ்நாட்டில் காற்றாலைப் பண்ணை முதலில் சுழன்றது 1986-ல், அதுவும் தூத்துக்குடிப் பக்கம். இன்றைக்குத் தாராபுரம் காட்டில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அடிவானத்தில் ஒன்றாவது நிற்கும். ஷூட்டிங்குக்கு முன்னால் ஒரு நாள் காலையிலும் ஒரு நாள் பொழுதோடவும் போய், காத்தாடி தெரியாத திசை எது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வைடு ஷாட்டை அந்தத் திசையில் மட்டும் வையுங்கள், மற்றதையெல்லாம் வேலி மறைக்கும்படி கேமராவைத் தாழ்த்தி எடுங்கள். படம் முடிந்ததும் எனக்கும் அனுப்புங்க, பார்க்கிறேன்.