ஏர்ஃபோர்ஸ்ல பறக்கச் சொல்லிக் கொடுத்தவருக்கு சிவில்ல எதுக்கு மறுபடியும் பரீட்சை?

உங்க அண்ணன் ஏர்ஃபோர்ஸ்ல இன்ஸ்ட்ரக்டர், ரிட்டயர் ஆகப் போறாரு, சிவில்ல சொல்லிக் கொடுக்கணும்னா மறுபடியும் படிக்கச் சொல்றாங்க, இது அநியாயம் இல்லையான்னு கேட்டிருக்கீங்க. இதே கேள்விய நான் மலேசியாவுல பட்டர்வொர்த்துல ஒரு மாமாக் கடையில (சாப்பாட்டுக் கடை) உக்காந்து மேசையத் தட்டிக் கேட்டவன், அதான் பதில் போடுறேன்.

சட்டத்த முதல்ல முடிச்சிடுறேன். 1944 சிகாகோ ஒப்பந்தம் மூணாவது பிரிவுப்படி ராணுவம், கஸ்டம்ஸ், போலீஸ் விமானம் எதுவும் அந்த ஒப்பந்தத்துல சேராது. சிவில் லைசென்ஸ் எல்லாம் அதோட அனெக்ஸ் 1ஐ (முதல் இணைப்பு) வச்சுத்தான் ஓடுது, அதனால கியூஎஃப்ஐ, அதாவது ராணுவ பறக்கும் இன்ஸ்ட்ரக்டர் பட்டம், தானா சிவில் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் (தகுதி) ஆயிடாது. அமெரிக்காவுல 2009ல இருந்து, கமர்ஷியல் பைலட் சர்டிஃபிகேட் இருக்கற ராணுவ இன்ஸ்ட்ரக்டர் ஒரு எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணி ராணுவ ரெக்கார்டையும் காட்டினா போதும், சரி, அத இங்க மலேசிய சிவில் விமான ஆணையம், சிஏஏஎம் கவுண்டர்ல போய் சொல்லி என்ன ஆகப் போகுது.

இப்ப என் கதை. அலோர் ஸ்டார்ல ஏர்ஃபோர்ஸ் பயிற்சி விமானம் பிசி-7ல சொல்லிக் கொடுத்தேன். அதுல பையன் முன்னாடி, நான் பின்னாடி, எனக்குத் தெரியறது அவன் ஹெல்மெட்டோட பின்பக்கம் மட்டும்தான். ரிட்டயர் ஆனப்புறம் சிவில் இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸுக்கு ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்கார்ற செஸ்னா 172ல ரைட் சீட்ல உக்கார வச்சாங்க. கை பழக்கம் மாறல, அங்கயும் த்ராட்டில் (இன்ஜின் பவர கூட்டிக் குறைக்கறது) இடது கை, இங்கயும் இடது கை. ஆனா மீட்டர் எல்லாம் அந்தப் பக்கம் இருக்கு, ரன்வே கோணலாத் தெரியுது, மொத வாரம் நான் இறக்கினத பார்த்தா நேத்துதான் சேர்ந்தவன்னு சொல்லியிருப்பாங்க.

எனக்கு சொல்லிக் கொடுத்தவன் என் பெரிய மகன் வயசு. அவன் ஸ்டூடண்ட் மாதிரி நடிப்பான், நான் பாடம் எடுக்கணும். இறங்கும்போது வேணும்னே ஸ்பீட விட்டான், நான் உடனே "ஐ ஹேவ் கண்ட்ரோல்"னு பிடுங்கிட்டேன். மூணு தடவ இதே கதை. கீழ இறங்கினதும், "சார், நான் என்ன தப்பு பண்ணேன்னு எனக்கு இன்னும் தெரியல, நீங்க நேரா முன்னாடியே பார்க்கறீங்க, நான் பக்கத்துல இருக்கேன்"னான். எனக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. மாணவன் எப்படிக் கத்துக்கறான், எப்படி மதிப்பிடறதுன்னு அந்த கோர்ஸ்ல வர்ற பாடத்தத்தான் நான் தூங்கறதுக்குன்னு நினைச்சு வச்சிருந்தேன்.

உடனே "அப்ப ராணுவ இன்ஸ்ட்ரக்டர் மட்டமா"ன்னு யாராச்சும் சண்டைக்கு வருவீங்க. அப்படி சொல்லல. அங்க பொறுக்கி எடுத்த பசங்க, குறிச்ச மணி நேரத்துல தரத்துக்கு வரலன்னா வீட்டுக்கு, அந்த வேலைக்கு அந்த முறைதான் சரி. இங்க அப்பா வீட்ட அடகு வச்சு அனுப்பியிருப்பாரு, லேண்டிங் வரலன்னா இன்னும் ரெண்டு மணி நேரம் அவர் காசுலதான் பறக்கணும், அவன்கிட்ட கத்தினா இருக்கற கொஞ்சமும் மறந்துடுவான்.

பரீட்சைக்குப் படிக்கறதுக்கு பினாங்குத் தீவுப் பக்கம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போவேன். முன்னாடின்னா கார ஃபெரில ஏத்திட்டு காத்து வாங்கிக்கிட்டே ரெண்டு பக்கம் படிக்கலாம். 2021ல இருந்து கார ஏத்தறதே இல்ல, புது ஃபெரி வந்தும் மோட்டார் சைக்கிளுக்கும் ஆளுக்கும்தான், எங்கள மாதிரி முட்டி வலிக்காரன் பாலத்துல ஜாம்ல நின்னுக்கிட்டு ஏர் லா (விமானச் சட்டம்) மனப்பாடம் பண்ண வேண்டியிருக்கு. இதக் கேட்க ஆள் இல்ல.

உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க, இன்னும் யூனிஃபார்ம்ல இருக்கும்போதே லாக்புக் மணி நேரத்த எல்லாம் கூட்டி ஸ்குவாட்ரன்ல கையெழுத்து வாங்கிடணும். வெளிய வந்தப்புறம் போனா கையெழுத்து போட வேண்டியவர் வேற கேம்புக்கு மாறிப் போயிருப்பாரு, எனக்கு அதுலயே ரெண்டு மாசம் போச்சு.