ஸ்டான்லி பார்க்கில் இருவர் ஓட்டும் சைக்கிள்
மனைவிக்குச் சைக்கிள் தெரியாது, வான்கூவர் ஸ்டான்லி பார்க்கை டேண்டம் சைக்கிளில் சுற்ற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். பின்னால் உட்காருபவர் பேலன்ஸ் பார்க்க வேண்டியதில்லை, மிதித்தால் போதும். ஆனால் போட்டோ எடுக்கிறேன் என்று ஒரு பக்கமாகச் சாயக் கூடாது!

சிக்கலெல்லாம் கிளம்பும்போதுதான். நீங்கள் இரண்டு காலையும் ஊன்றி, பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள். அவர் ஏறிப் பெடலில் கால் வைத்ததும், ‘சரி, போலாம்’ என்று சொல்லி மிதியுங்கள். இருவர் பெடலும் செயினால் இணைந்தே சுற்றும். அதனால் மிதிப்பதை நிறுத்தும் முன்பும் குரல் கொடுங்கள்.

வாடகைக் கடைகள் பூங்காவுக்கு வெளியே, டென்மன் தெருவில் இருக்கின்றன. கடலோரப் பாதை சுமார் 9 கி.மீ., பெரும்பாலும் சமதளம். சைக்கிளுக்கு ஒருவழிதான்: கடல் உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். அப்புறம், ஹெல்மெட் இருவருக்குமே கட்டாயம்.