அம்மா போய் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் கல்யாணப் பேச்சு. என் நிலையைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர் சென்னையில் கிடைப்பாரா?

கேள்வி கேட்டவருக்கு 29 வயது, பெரம்பூரில் அப்பாவோடு இருக்கிறார். அம்மா இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. தனக்கு ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு என்பதை அம்மாவிடம் கடைசிவரை சொல்ல முடியாமல் போனது அவரை அரிக்கிறது. "வருஷம் திரும்புறதுக்குள்ள கல்யாணத்தை முடிச்சிடணும்" என்று மாமாவும் பெரியப்பாவும் நெருக்குகிறார்கள். போய்ப் பார்த்த ஒரு ஆலோசகர், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றாராம். இன்னொருவர், வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டுத் தனியாகப் போய் வாழுங்கள் என்றாராம். இரண்டையும் கேட்டுவிட்டு, நம்மைப் புரிந்துகொள்கிறவர் யாராவது இருக்கிறார்களா என்று எழுதியிருக்கிறார்.

இருக்கிறார்கள், தம்பி. நான் பெண்ணை நேசிக்கும் பெண், நாற்பதைத் தாண்டியவள். சில வருஷங்களுக்கு முன்பு அப்பாவைப் பறிகொடுத்தவள். எனக்கு அப்படி ஒருவர் இதே ஊரில்தான் கிடைத்தார். அவரிடம் போனதால் என்ன மாறியது என்பதையும் சொல்கிறேன். ஆனால் முதலில் கல்யாணப் பேச்சு, ஏனென்றால் அதற்குத்தான் நாள் குறைவாக இருக்கிறது.

வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது நம் வழக்கங்களில் ஒன்று, அவ்வளவுதான். தலைத்திவசம் கழியும்வரை வீட்டில் நல்ல காரியம் எதுவும் வேண்டாம் என்பதும் வழக்கம்தான். பொங்கல் வைக்காமல், தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்காமல் இருக்கிற வீடுகள் எத்தனை! "அம்மாவுக்கு வருஷம் கழியட்டும் மாமா. அதுவரைக்கும் என்னால மாலை போட்டுக்க முடியாது" என்று சொல்லுங்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை, நீங்கள் நிஜமாகவே துக்கத்தில்தான் இருக்கிறீர்கள். உங்கள் மாமாவும் கூடப்பிறந்தவளை இழந்தவர், அந்த வார்த்தையைத் தாண்டி அவரால் வற்புறுத்துவது கடினம். வருஷம் கழிந்ததும் பேச்சு மறுபடி வரும், தெரியும். ஆனால் அழுகை ஓயாத மனதோடு முடிவெடுப்பதும் அதற்கப்புறம் எடுப்பதும் ஒன்றல்ல. ஒரு விஷயத்தில் மட்டும் கறாராகச் சொல்கிறேன்: எந்தக் காரணத்துக்காகவும், விஷயம் தெரியாத ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டிவிடாதீர்கள். அவளுக்கும் ஒரே ஒரு வாழ்க்கைதான்.

இனி அந்த இரண்டு ஆலோசகர்கள். முதலாமவர் சொன்னது வெறும் தவறான அறிவுரை இல்லை, அவர் துறையே கைவிட்ட கருத்து. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1990-லேயே எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் 2018-ல் இது நோய் அல்ல என்று அறிவித்தது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கில், இயல்பை 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை தருவதைத் தடைசெய்யச் சொன்னார். தீர்ப்பு எழுதுமுன், இதைப் பற்றித் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்று தானே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார் அந்த நீதிபதி. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் சிகிச்சை தரும் மருத்துவர் தொழில் நெறியை மீறியவர் என்று சொல்லிவிட்டது. ஆகவே யாராவது மாற்ற முயன்றால் நீங்கள் தயங்காமல் எழுந்து வந்துவிடலாம்.

இரண்டாமவரின் மனது நல்லதாகவே இருந்திருக்கும். ஆனால் மனைவியை இழந்த அப்பாவோடு ஒரே வீட்டில் இருக்கும் பிள்ளையிடம், அப்பாவை விட்டுப் போ என்று முதல் நாளே சொல்வது ஆலோசனை ஆகாது. உங்களுக்கு அம்மா வேண்டும், அப்பா வேண்டும், மாமாவின் உறவு வேண்டும், நீங்கள் நீங்களாகவும் இருக்க வேண்டும். நான்கையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் உங்களுக்கு ஆவார்.

என் கதைக்கு வருகிறேன். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. பெசன்ட் நகர் மயானத்தில் அப்பாவுக்கு நான்தான் கொள்ளி வைத்தேன். பொம்பளைப் பிள்ளை மயானத்துக்கு வருவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள், அம்மா ஒரு பார்வை பார்த்ததும் அடங்கிவிட்டார்கள். அந்த நாட்களில் ஃப்ரீசர் பெட்டிக்குச் சொன்னது, ஷாமியானாக்காரரிடம் கணக்கு முடித்தது, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தது எல்லாம் என் இணையர். பள்ளிக்கூட ஆசிரியை. அப்பா அவளை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவார், பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டியைப் பாதி முடித்துவிட்டு மீதியை அவளுக்காக வைத்திருப்பார். உறவுக்காரர்கள் யார் இந்தப் பெண் என்று கேட்டபோது, மகளோடு தங்கியிருக்கிற பெண் என்று பதில் போனது.

முதலில் நான் பார்த்த ஆலோசகர் நல்லவர், எங்கள் உறவையும் இயல்பாக எடுத்துக்கொண்டார். ஆனால் பேச்செல்லாம் ஆங்கிலம். ஆங்கிலத்தில் என் பிரச்சினையைச் சொல்ல முடிந்தது, அப்பாவைச் சொல்ல முடியவில்லை. பதினாறாம் நாள் என்றால் என்ன, கோடி என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருப்பதிலேயே நேரம் போய்விடும், அழுகை உள்ளேயே நின்றுவிடும். அப்புறம் ஒரு தோழி வழியாக இன்னொருவரிடம் போனேன். நடுத்தர வயது அம்மா, தமிழிலேயே பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்வி இதுதான்: "கருமாதி அன்னிக்கு உங்க டீச்சர் எங்க உட்கார்ந்திருந்தாங்க?"

யாரும் கேட்காத கேள்வி. அவள் பின்கட்டில், சமையல்காரருக்கு வாழைக்காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டு இருந்தாள். வீட்டுக்கு வந்து அவளிடம் அந்த நாளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கடைப் பையை எடுத்து வந்தாள். உள்ளே ஒரு நூல் சேலை, சாம்பல் நிறம், விலைச் சீட்டுகூடப் பிரிக்கவில்லை. அம்மாவுக்குக் கோடி போட வாங்கியிருக்கிறாள். ஒவ்வொரு முறைக்காரரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அம்மாவுக்குத் துணி போடச் சொன்னபோது, அவளுக்கு என்று ஒரு முறை இல்லாததால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் அப்பாவை இழந்த மாதிரியே அவளும் இழந்திருக்கிறாள் என்பதை அன்றைக்குத்தான் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசி அழுதோம்.

அந்த ஆலோசகர் எங்களை எதையும் அறிவிக்கச் சொல்லவில்லை, மறைக்கவும் சொல்லவில்லை. திவசத்தில் உங்கள் இரண்டு பேருக்கும் செய்ய என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள் என்றார். தலைத்திவசத்துக்கு எங்கள் வீட்டு வழக்கப்படி அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் வைத்துப் படையல். நெத்திலி வறுவலை அவள் செய்தாள். படைக்கிற நேரத்தில் அம்மா திரும்பி, "இலையை நீ போடும்மா" என்றார். சேலையும் அன்றைக்கு அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. அம்மா அதற்குமேல் எதுவும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். சிகிச்சை என்பது நம் சடங்குகளுக்கு வெளியேதான் நடக்க வேண்டும் என்பதில்லை, அதற்காக இதைச் சொன்னேன்.

ஒன்பது மாதமாகியும் அழுகை நிற்கவில்லை, இது நோயா என்று கேட்டிருந்தீர்கள். நீடித்த துக்கம் என்ற ஒரு நோய்க்குறி இப்போது மருத்துவ நூல்களில் இருப்பது உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் ஆறு மாதத்துக்கு மேல், 2022-ல் வந்த அமெரிக்க வரையறையில் பெரியவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல். ஆனால் நாள் கணக்கு மட்டும் போதாது. அவரவர் சமூகத்தில், மதத்தில் துக்கம் காக்கிற வழக்கத்தை மீறிப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று இரண்டுமே சொல்கின்றன. நம் ஊரில் வருஷம் முழுக்கத் துக்கம் காப்பது வழக்கம். அதிலும் ஆண்பிள்ளைக்கு அழ நேரமே கொடுப்பதில்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். பையன் ஐயருக்குச் சொல்லி, வண்டிக்குச் சொல்லி, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று அலைந்துகொண்டிருப்பான். உங்கள் அழுகை ஆறாம் மாதத்தில்தான் ஆரம்பித்திருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன். அதே சமயம் தூக்கம் போய், வேலைக்கே போக முடியாமல், செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் இன்றைக்கே உதவி கேளுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் சிநேகா அமைப்பு 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகவே இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லாமல் போனதற்கு வருகிறேன். அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா, தெரிந்திருந்தால் ஏற்றிருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. தெரிந்திருக்கும் என்று ஆறுதல் சொல்கிறவர்களை நம்பி அமைதியாகிவிடவும் முடியாது. ஆனால் நம் வீடுகளில் இறந்தவர்களோடு பேச்சை யாரும் நிறுத்துவதில்லையே. பரீட்சைக்குப் போகுமுன் படத்தைக் கும்பிட்டுவிட்டுப் போகிறோம், கல்யாணப் பத்திரிகையின் முதல் பிரதியைப் படத்துக்கு முன் வைக்கிறோம். உங்களால் முடிகிற ஒரு நாளில் வீட்டில் யாரும் இல்லாதபோது அம்மா படத்துக்கு முன் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். சத்தமாக, அம்மாவிடம் பேசுகிற அதே பேச்சில். இறந்தவருக்குக் கடிதம் எழுதச் சொல்வது, காலி நாற்காலியைப் பார்த்துப் பேசச் சொல்வது எல்லாம் ஆலோசகர்கள் பயன்படுத்தும் முறைகள்தான். தனியாகச் செய்ய பயமாக இருந்தால் ஆலோசகர் அறையில் செய்யுங்கள், படத்தைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஆலோசகரைத் தேட, ஓரினம் என்ற சென்னைக் குழுவிலிருந்து தொடங்குங்கள். இருபது வருஷத்துக்கு மேலாக இயங்குகிறது. நம்மைப் போன்றவர்களை மதித்து நடத்தும் ஆலோசகர்களின் பட்டியல் அவர்களிடம் உண்டு. போனில் நேரம் வாங்கும்போதே, "எனக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு, அதை மாற்ற வரவில்லை, அம்மா இறந்த துக்கத்துக்காக வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் குரல் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். தமிழில் பேசுவாரா, வீட்டார் போன் செய்தால் என்ன சொல்வார் என்றும் கேளுங்கள். 2017 மனநலச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம், மாமா வந்து கேட்டார் என்று கொடுக்க முடியாது. பணம் ஒரு பிரச்சினை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் புறநோயாளியாக இலவசமாகவே பார்க்கலாம். அதன் பெயரைச் சொல்லிக் கேலி பேசுகிற பழக்கத்தை இந்த ஊர் விட்டால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள்.

ஆலோசகர் வாரத்தில் ஒரு மணி நேரம்தான். மீதி நேரத்துக்கு மனிதர்கள் வேண்டும். இந்த விஷயத்தில் திருநங்கைகளிடமிருந்து நாம் கற்க நிறைய இருக்கிறது. கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து ஒப்பாரி வைக்கிறார்களே, அந்த அழுகையில் அரவான் மட்டும் இல்லை என்று ஒரு திருநங்கைத் தோழி சொன்னார். பெற்ற அம்மாவின் சாவுக்குப் போக விடாததற்கும் சேர்த்து அங்கேதான் அழுதாராம். பக்கத்தில் இருந்தவர்கள் ஏன் என்று கேட்கவில்லை, தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

உங்களுக்கு அவ்வளவு பெரிய கூட்டம் வேண்டியதில்லை. இரண்டு மூன்று பேர் போதும், அம்மாவைப் பற்றியும் உங்களைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசக்கூடியவர்கள். ஓரினம், 1998 முதல் இருக்கும் சகோதரன் அமைப்பு போன்ற இடங்களில் அவர்கள் கிடைப்பார்கள். 2009 முதல் ஜூன் மாதத்தில் சென்னையில் நம்மைப் போன்றவர்கள் நடத்தும் வானவில் பேரணிக்குப் போக இப்போது தைரியம் வராவிட்டால் பரவாயில்லை, சின்னக் கூட்டத்துக்குப் போய் ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருங்கள், யாரும் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தமாட்டார்கள். நம்பிக்கையானவர் என்று ஒருவர் அமைந்தபின் ஒரு வெள்ளைத் தாளில் அவரை உங்கள் நியமனப் பிரதிநிதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். மனநலச் சிகிச்சையில் நீங்களே முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் உங்கள் சார்பில் பேச அவருக்கு அதே 2017 சட்டம் உரிமை தருகிறது, ரத்த சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் பூட்டி வைத்து மிரட்டுகிற அளவுக்குப் போனால் அவர் நீதிமன்றத்துக்கும் போகலாம். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை அவர் விரும்பிய தோழியோடு போக விட்டது, குடும்பம் அமைய கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்றும் அந்தத் தீர்ப்பில் சொன்னது.

இன்றைக்கு மாமாவிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, நாளைக்கு ஓரினத்துக்கு எழுதுங்கள். பதில் வரத் தாமதமானால் இங்கேயே எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், முதல் தடவை துணைக்கு யாராவது வேண்டும் என்றால் நான் வருகிறேன்.