புதியவர்களுக்கு ஒரு டிபேட் டோர்னமென்ட்

கேள்வி: டல்லாஸில் என் மகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில், இதுவரை போட்டியிடாத பிள்ளைகளுக்காக ஸ்பீச் அண்ட் டிபேட் டோர்னமென்ட் நடத்துகிறார்கள். பெற்றோர் தரப்புப் பொறுப்பு என் தலையில். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி

பதில்: நடுவர்களிலிருந்து தொடங்குங்கள், அம்மா. கோப்பை, பேனர், பீட்சா எல்லாம் அப்புறம். சனிக்கிழமை காலையில் யாராவது ஒருவர் வராமல் போவார். அறைக்கு ஒருவர் போக, இரண்டு மூன்று பேரைக் கையிருப்பில் வையுங்கள். வரும் பள்ளிகளே நடுவர்களையும் அழைத்துவர வேண்டும் என்று பதிவின்போதே சொல்லிவிடுங்கள். பெற்றோரே போதும். டிபேட் தெரியாத ஒருவருக்கும் புரியப் பேசுவதுதானே பப்ளிக் ஃபோரம் என்ற விவாத வகையின் நோக்கம்! ஆனால் தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

விவாதத்துக்கு அந்தப் பப்ளிக் ஃபோரம் ஒன்றே போதும். இருவருக்கு எதிராக இருவர். நாணயம் சுண்டி ஜெயித்தவர்கள் எந்தப் பக்கம் என்றோ, முதலில் பேசுவதா பிறகு பேசுவதா என்றோ தேர்ந்தெடுக்கலாம். முதல் உரைகள் தலா 4 நிமிடம், அடுத்து 3 நிமிட கிராஸ்ஃபயர், அதாவது இரு தரப்பும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் நேரம். பழகியவர்கள் ஒரு சுற்றை முக்கால் மணி நேரத்தில் முடிப்பார்கள். நீங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஒதுக்குங்கள்.

நாக்அவுட் மட்டும் வேண்டவே வேண்டாம். முதல் சுற்றில் தோற்றுப் பத்து மணிக்கே வீடு திரும்பும் பிள்ளை அடுத்த தடவை வராது. எல்லோருக்கும் மூன்று சுற்று கொடுங்கள்.

இன்னொன்று: மதிப்பெண் தாளில் 'குட் ஜாப்' என்று மட்டும் எழுதும் நடுவரைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எந்த வாதம் எடுபட்டது, எது எடுபடவில்லை என்று இரண்டு வரியாவது எழுதச் சொல்லுங்கள்.