இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் பண்டிகை வழக்கங்களை விடாமல் செய்ய முடிகிறதா?

முடிகிறது. எல்லாவற்றையும் அல்ல. எதை விடக்கூடாது என்று வீட்டில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் எங்களுக்கு முடிந்தது.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் சின்னதாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஷட்டர் இறக்க இரவு பத்தரை ஆகிவிடும். மனைவி நர்ஸ், ஷிப்ட் வேலை. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. என் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறாள்.

தீபாவளிப் பலகாரத்தைத்தான் முதலில் விட்டோம். முறுக்கும் அதிரசமும் தெரிந்த அக்கா ஒருவரிடம் சொல்லி வாங்கிவிடுகிறோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போவதை மட்டும் மாற்ற முடியாது. அன்றைக்குக் கடை கிடையாது, அவ்வளவுதான். பொங்கலுக்கு லீவு வேண்டும் என்பதால் மனைவி தீபாவளி டியூட்டியைத் தானே கேட்டு வாங்கிக்கொள்வாள். அதையும் இரண்டு மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். கடைசி நேரத்தில் கேட்டால் யார் மாற்றித் தருவார்கள்?

நாங்கள் எதற்காகவும் விடாதது சிறுவீட்டுப் பொங்கல். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மார்கழி மாதம் முழுக்க விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டு, நடுவில் சாணி உருண்டை வைத்து, அதில் பூசணிப்பூவைச் செருகுவார்கள். பிறகு பூவோடு சேர்த்து அந்தச் சாணியை வரட்டியாகத் தட்டிக் காய வைப்பார்கள். தை பிறந்ததும் முற்றத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று களிமண்ணால் குட்டியாக ஒரு வீடு கட்டி, அதன் வாசலில் பொங்கலிட்டு, அந்த வரட்டிகளை ஆற்றில் விடுவார்கள். எங்கள் தெருவில் இதற்கு ஒரே நாள் என்று கிடையாது. அவரவருக்குத் தோதான நாளில் வைத்துக்கொள்வார்கள். ஷிப்ட் வேலை பார்க்கிற வீட்டுக்கு இதைவிட வசதியான பண்டிகை உண்டா?

மாதம் பூராவும் செய்வது பெரிய வேலையாயிற்றே என்று கேட்பீர்கள். என் அனுபவத்தில் அதுதான் சுலபம். ஒரே நாளில் வந்து விழுகிற பண்டிகைதான் வேலைக்குப் போகிறவர்களை உலுக்கி எடுக்கும். இது தினமும் பத்து நிமிடம். மனைவிக்கு நைட் டியூட்டி என்றால் நானும் மகளும் எழுந்துவிடுவோம். சின்ன வயதில் என் அக்கா கோலம் போடுவாள், பூப் பறித்து வருவது மட்டும்தான் என் வேலை. இப்போது கோலமும் பழகிவிட்டேன். பூசணிப்பூ வெயில் ஏறினால் சுருண்டுவிடும் என்பதால் பக்கத்து வீட்டுக் கொடியில் இருட்டோடு பறித்துவிட வேண்டும். பூ கிடைக்காத நாளில் செம்பருத்தி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் மொட்டைமாடியில் வரட்டி தட்டுவாள். காய்ந்த வரட்டியைக் கையில் எடுத்தால் அவளுடைய ஐந்து விரலும் அதில் பதிந்திருக்கும், நடுவே அமுங்கிப்போன பூ மஞ்சள் கீற்றாகத் தெரியும். கடையில் நிற்கும்போதுகூட எனக்கு அந்த வரட்டி ஞாபகம் வரும்.

2023இல் என்ன ஆனது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மறக்காது. டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். அன்றைக்கும் மறுநாளும் கொட்டிய மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் மூழ்கடித்தது. என் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். கீழ்த்தட்டு மருந்தெல்லாம் போயிற்று. பத்து நாள் சேற்றை வாரியதில் கோலத்தை யார் நினைத்தார்கள்? பதினோராம் நாள் மகள்தான் கேட்டாள், "அப்பா, இன்னும் மார்கழி முடியலதானே?" மறுநாள் காலை ஆரம்பித்தோம். பூ கிடைக்காமல், சாணி கிடைக்காமல் கடைசியில் தேறியது 14 வரட்டி. இதை வைத்துச் செய்யலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "இருக்கத வச்சு விடுல. இந்த வருசம் என்னாச்சின்னு ஆத்துக்குத் தெரியாதா?" என்றாள்.

அன்றைக்குச் சொன்னது எனக்கு அப்படியே பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு விட்டுப்போன நாளை நாங்கள் கணக்கு வைத்துக்கொள்வதே இல்லை. முற்றம் சின்னது என்பதால் களிமண் சுவருக்குப் பதில் கோலமாவாலேயே சிறுவீடு வரைந்துகொள்கிறோம், அடுப்படி, திண்ணை எல்லாம் வைத்து. பொங்கல் பானையைக் கிளறுவது பிள்ளைகள்தான். அடிபிடித்தாலும் சரி, பெரியவர்கள் கை வைக்கக்கூடாது.

உங்கள் வீட்டு வழக்கம் வேறாக இருக்கும். எந்த வேலையைப் பிள்ளைகள் தாங்களாகவே இழுத்துப் போட்டுச் செய்கிறார்கள் என்று பாருங்கள். அதைப் பிடித்துக்கொண்டு, மற்றதை நேரம் இருந்தால் செய்யுங்கள். பெண்கள் தலையில் மட்டும் கட்டாதீர்கள். ஆண்களுக்கும் கோலம் வரும்.

போன தையில் குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போனோம். வாழை இலைத் துண்டில் வரட்டி, ஒரு கரண்டி பொங்கல், வெற்றிலை பாக்கு, மேலே கற்பூரம். இலையைத் தள்ளிவிடக்கூடாது, கவிழ்ந்துவிடும். பக்கத்துத் தண்ணீரைக் கையால் அளைந்தால் தானாக நகரும். மகள் தம்பிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள். அவன் விட்ட இலை படி ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்தது, அப்புறம் நீரோட்டம் இழுத்துக்கொண்டது. பாலத்துப் பக்கம் போய் மறைகிற வரைக்கும் யாரும் கிளம்பவில்லை. இந்த வருடம் தனக்கும் தினம் ஒரு உருண்டை வேண்டும் என்று அவன் சொல்ல, பால்காரரிடம் சாணிக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்.