பி.டி. அடித்தும் கோஸில் புழு சாகவில்லையா?

கேள்வி: ஓசூர் பக்கம் ஒரு ஏக்கர் முட்டைக்கோஸ் போட்டிருக்கிறேன். நட்டு ஒரு மாதம் ஆகிறது, இலையெல்லாம் சல்லடை. கடையில் 'பி.டி.' பவுடர் கொடுத்தார்கள். அழுகலுக்கு வாங்கி வைத்திருந்த ஸ்ட்ரெப்டோசைக்ளினையும் அதோடு கலந்து காலை பத்து மணிக்கு அடித்தேன். இரண்டு நாள் ஆகியும் புழு நெளிகிறது. மருந்து போலியா? டோஸை ஏற்றலாமா? பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருக்கிறது, அதற்கு ஏதும் ஆகாதே?

பதில்: இரண்டு நாளில் புழு சாகவில்லை என்பதை வைத்து மருந்து போலி என்று முடிவு கட்ட வேண்டாம். டோஸையும் ஏற்ற வேண்டாம். நீங்கள் வாங்கிய பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், மண்ணில் இயல்பாகவே வாழும் பாக்டீரியா. பவுடரில் அதன் வித்துகளும் ஒரு புரதப் படிகமும் இருக்கின்றன. இது மேலே பட்டால் புழுவுக்கு ஒன்றும் ஆகாது, தின்றால்தான் வேலை செய்யும். புழுவின் நடுக்குடலில் காரத்தன்மை அதிகம். படிகம் அங்கே கரைந்து குடல் சுவரைத் துளைத்துவிடும். சில மணி நேரத்திலேயே புழு தின்பதை நிறுத்திவிடும், ஆனால் செத்து விழ இரண்டு முதல் ஐந்து நாள் வரை ஆகலாம்.

அதனால் புழு நெளிகிறதா என்று பார்க்காதீர்கள், தின்கிறதா என்று பாருங்கள். இலையைத் திருப்பினால் புதுப் பச்சை எச்சம் இருக்கிறதா? நேற்று இல்லாத ஓட்டை இன்று விழுந்திருக்கிறதா? சந்தேகம் தீர இன்னொரு வழி: மருந்து பட்ட இலையோடு பத்து சின்னப் புழுக்களை ஒரு டப்பாவிலும், மருந்து படாத இலையோடு பத்தை இன்னொன்றிலும் போட்டு நிழலில் வையுங்கள். மூன்றாம் நாள் முதல் டப்பாவில் இலை அப்படியே இருந்து, புழு கறுத்துத் துவண்டு கிடந்தால் மருந்து நல்ல மருந்துதான்.

அடித்த விதத்தில் இரண்டு இடத்தில் சறுக்கல். முதலாவது, நேரம். வெயிலின் புற ஊதாக் கதிர் இந்த மருந்தைச் சீக்கிரம் கெடுத்துவிடும். வெயில் தாழ்ந்த பிறகு அடித்தால் புழு இரவெல்லாம் தின்ன வழி உண்டு. இரண்டாவது, கலவை. ஸ்ட்ரெப்டோசைக்ளின் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. அதையும் பாக்டீரியாவையும் ஒரே டேங்கில் விட்டால் எப்படி? தாமிர மருந்துகளையும் இதோடு சேர்க்கக் கூடாது. சில நாள் இடைவெளி விட்டுத் தனியாக அடியுங்கள்.

அளவு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி லிட்டருக்கு 2 கிராம். கோஸ் இலை மெழுகு பூசியது போல இருப்பதால் தண்ணீர் உருண்டு ஓடிவிடும். ஒட்டு திரவம் கட்டாயம் சேருங்கள். கோஸை அதிகம் தாக்கும் வைரமுதுகுப் புழு பெரும்பாலும் இலையின் அடிப்பக்கம் இருக்கும் (தொட்டால் துள்ளி, நூலில் தொங்கும், பார்த்திருப்பீர்கள்). ஆகவே நாசிலை மேல்நோக்கிப் பிடித்து அடிப்பக்கமும் நனையும்படி அடிக்க வேண்டும். முட்டையிலிருந்து வந்த புழு முதலில் இலைத் திசுவுக்குள் இருக்கும், அப்புறம்தான் வெளியே வரும். அப்படி வெளியே வந்த சின்னப் புழுவுக்குத்தான் மருந்து நன்றாகக் கேட்கும். பெரிய புழுவுக்குப் பலன் குறைவு, கூட்டுப்புழு தின்னாது என்பதால் அதற்குப் பலனே இல்லை. ஆகவே ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை அடிக்க வேண்டியிருக்கும். அசுவினி போன்ற சாறு உறிஞ்சிகளுக்கு இதை அடிப்பது வீண் செலவு.

மல்பெரி விஷயத்தில்தான் எனக்குக் கவலை. இயற்கை மருந்து, யாருக்கும் கெடுதல் இல்லை என்று கடையில் சொல்லியிருப்பார்கள். மனிதருக்கும் மாட்டுக்கும் அது சரி. மல்பெரித் தழையைத் தின்னும் பட்டுப்புழுவுக்கு இது விஷம். 1901-இல் ஜப்பானில் இஷிவாதா என்ற ஆய்வாளர் இந்த பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததே செத்துக் கிடந்த பட்டுப்புழுக்களில்தான்! பக்கத்துத் தோட்டக்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், உங்கள் பக்கம் ஒட்டிய வரிசைகளில் இருந்து அவர் தழை பறிக்க வேண்டாம். இனி காற்றில்லாத நேரத்தில் மட்டும் அடியுங்கள். வரப்பை ஒட்டிய சில வரிசைகளுக்கு மருந்தே வேண்டாம், புழுவைக் கையால் பொறுக்குங்கள். இந்த மருந்து அடித்த ஸ்பிரேயரை மல்பெரிக்கு இரவல் கொடுக்காதீர்கள்.

சரியாக அடித்தும் டப்பாச் சோதனையில் புழு தின்றுகொண்டே இருந்தால், பழைய சரக்காக இருக்கலாம். பாக்கெட்டில் பதிவு எண்ணையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். எதிர்ப்புச் சக்தியாகவும் இருக்கலாம். வயலில் பி.டி.க்கு முதலில் பழகிக்கொண்ட பூச்சியே இந்த வைரமுதுகுதான், ஹவாயில் 1990 வாக்கிலேயே இது தெரிந்துவிட்டது. அதனால் ஒரே மருந்தைத் தொடர்ந்து அடிக்காமல் நடுவில் ஸ்பினோசாடுக்கு மாறலாம். அதுவும் ஒரு மண் பாக்டீரியா தருவதுதான், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. பட்டுப்புழுவுக்கு அதுவும் ஆகாது. தேனீக்கும் ஆகாது என்பதால் பூத்த பயிர் மேல் படாமல் அடியுங்கள். அடுத்த போகத்தில் 20 வரிசை கோஸுக்கு ஒரு வரிசை கடுகு போடுங்கள். வைரமுதுகு அந்துப்பூச்சி அதைத் தேடிப் போய் முட்டை வைக்கும், கடுகை மட்டும் கவனித்தால் மருந்துச் செலவு குறையும்.